சனியின் வளையத்துக் கல்: அன்றும் இன்றும்

1972 டிசம்பரில் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில், கோல்ட்ஸ்டோன் என்ற இடத்திலுள்ள 64 மீட்டர் ஆண்டெனாவைச் சனிக் கோளை நோக்கித் திருப்பி வைத்து, ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன், ஜார்ஜ் மோரிஸ் என்ற இருவர் ராடார் அலைகளை அனுப்பத் தொடங்கினார்கள். சனி அப்போது ஏறக்குறைய 120 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. போன அலை திரும்பி வர இரண்டேகால் மணி நேரம் ஆகும். சனி ஒரு வாயுக் கோளம், அலையை விழுங்கிவிடும். அதனால் கோளிலிருந்து எதிரொலி வராததில் யாருக்கும் வியப்பில்லை. வளையங்களிலிருந்து வந்தது. அதுவும் இவ்வளவு பலமாக வரும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை.

அனுப்பிய அலையின் நீளம் 12.6 சென்டிமீட்டர். அதைவிட மிகச் சிறிய துகள்களை அந்த அலை கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். திரும்பி வருகிறது என்றால், வழியில் சில சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டிகள் ஏராளமாக இருக்க வேண்டும். அதுவரை வானியலாளர்களில் பலர் சனியின் வளையம் பொடியால் ஆனது என்றே நினைத்திருந்தார்கள். மில்லிமீட்டர், அதற்கும் கீழே மைக்ரான் அளவு. அந்த எண்ணம் 1973-இல் உடைந்தது.

பொடி என்று நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1970-இல் அகச்சிவப்பு நிறமாலையைப் பதிவு செய்து, வளையத்தில் இருப்பது நீர்ப்பனி என்று உறுதி செய்திருந்தார்கள். அந்த நிறமாலையின் வடிவம் பனிக் குருணைகள் மிக நுண்ணியவை என்று காட்டியது. பிழை அளவீட்டில் இல்லை, அதற்குக் கொடுத்த பொருளில்தான். நிறமாலை காட்டியது கட்டியின் மேல் படிந்திருக்கும் உறைபனியின் குருணை அளவை. உள்ளே இருக்கும் கட்டி எவ்வளவு பெரியது என்பது அதில் தெரியாது. ஒளி மேற்பரப்பைத்தான் பார்க்கும். ராடார்தான் முதன்முதலில் கட்டியைத் தட்டிப் பார்த்தது.

அதற்கு முந்தைய மூன்றரை நூற்றாண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1610-இல் கலிலியோ சனியின் இருபுறமும் இரண்டு துணை உருண்டைகளைக் கண்டதாக நினைத்தார்; 1612-இல் அவை காணாமல் போனதும் திகைத்தார். 1659-இல் ஹைகன்ஸ் அது கோளை எங்கும் தொடாத தட்டையான வளையம் என்று விளக்கினார், ஆனால் திடப்பொருள் என்று எண்ணினார். 1675-இல் கேசினி அந்த வளையத்தில் ஓர் இடைவெளியைக் கண்டார். 1787-இல் லாப்லாஸ், ஒரே சீரான அகன்ற திட வளையம் நிலைக்காது என்று கணக்கிட்டு, பல மெல்லிய திட வளையங்களாக இருக்கலாம் என்றார்.

மேக்ஸ்வெல்லிடம் மட்டும் சற்று நின்று போகலாம். மின்காந்தச் சமன்பாடுகளுக்கு முன்னரே அவர் எடுத்துக்கொண்ட கணக்கு இது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆடம்ஸ் பரிசுக்கு 1855-இல் அறிவிக்கப்பட்ட தலைப்பு சனியின் வளையங்கள். திட வளையம் நிலைக்க வேண்டுமென்றால் அதன் மொத்த எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒரே இடத்தில் குவிந்திருக்க வேண்டும் என்று மேக்ஸ்வெல்லின் கணக்கு சொன்னது. தொலைநோக்கியில் அப்படி ஒரு புடைப்பு தெரியவில்லை. எனவே திடப்பொருள் அல்ல. திரவமாக இருந்தால் அலைகள் எழும்பி அதைத் துண்டு துண்டாக்கிவிடும். மிஞ்சுவது ஒன்றுதான்: தனித்தனியே சுற்றும் எண்ணற்ற துண்டுகள். கட்டுரை 1859-இல் வெளிவந்தது. அந்தத் துண்டுகள் கைக்கு அடங்குபவையா, வீட்டளவா என்பதற்கு அவர் கணக்கில் விடை கிடையாது. அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை. 1895-இல் அமெரிக்காவின் அலெகெனி வானாய்வகத்தில் ஜேம்ஸ் கீலர் நிறமாலை எடுத்து, வளையத்தின் உள்விளிம்பு வேகமாகவும் வெளிவிளிம்பு மெதுவாகவும் ஓடுவதைக் காட்டினார். திட வளையமாக இருந்தால் வெளிவிளிம்புதான் வேகமாக ஓடியிருக்கும். மேக்ஸ்வெல் பேனாவால் கண்டதைக் கீலர் கண்ணால் கண்டார்.

அதோடு துண்டுகள் என்பது உறுதியானது. எவ்வளவு பெரிய துண்டுகள் என்ற கேள்விக்கு இன்னும் எண்பது ஆண்டுகள் பிடித்தன.

கோல்ட்ஸ்டோன் எதிரொலி விண்வெளிப் பயணத் திட்டக்காரர்களுக்குக் கவலையைத் தந்தது. கட்டிகள் உள்ள இடத்தில் கலத்தை ஓட்டுவது எப்படி? 1979 செப்டம்பர் 1 அன்று பயனியர் 11 கலத்தை, பின்னால் வரவிருந்த வாயேஜர் 2 கடக்க வேண்டிய இடம் வழியாகவே வளையத் தளத்தைத் தாண்ட வைத்தார்கள். அது தப்பினால் வாயேஜரும் தப்பும் என்பது கணக்கு. தப்பியது. அறிவியலில் இப்படி ஒரு கலத்தை முன்னே அனுப்பி ஆழம் பார்ப்பது அபூர்வம். பயனியர் திட்டத்தில் இருந்தவர்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

1980 நவம்பரில் வாயேஜர் 1 சனியைக் கடந்தபோது செய்த ஒரு சோதனைதான் துகள் அளவுக் கதையின் திருப்புமுனை. படங்களைவிட இது முக்கியம் என்பது என் கருத்து, படங்கள்தான் புகழ் பெற்றன என்றாலும். கலம் வளையத்தின் மறுபக்கம் போனதும், 3.6 சென்டிமீட்டர், 13 சென்டிமீட்டர் ஆகிய இரண்டு அலைநீளங்களில் ரேடியோ அலைகளை வளையத்தின் ஊடாகப் பூமிக்கு அனுப்பியது. இரண்டும் வெவ்வேறு அளவில் மங்கி வந்தன. நீள அலை மங்காமல் குட்டை அலை மட்டும் மங்கினால், அந்தப் பகுதியில் சிறு கட்டிகள் நிறைய என்று பொருள். கூடவே, கட்டிகளில் பட்டுச் சிதறிய அலை நேர் அலையைச் சுற்றி ஒரு மங்கலான ஒளிவட்டம் போலப் பரவி வந்தது. அதன் அகலத்திலிருந்து மீட்டர் அளவுப் பாறைகளையும் எடை போட முடிந்தது. லென் டைலர், எஸ்ஸாம் மாரூஃப், ஹோவர்ட் ஸெப்கர் முதலியோர் இந்தக் கணக்கைப் போட்டார்கள்.

கிடைத்த விடை இது. வளையத்துகள்களின் அளவு ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 10 மீட்டர் வரை. நெல்லிக்காய் முதல் மூன்று மாடி வீடு வரை எல்லா அளவும் உண்டு. ஆனால் சம எண்ணிக்கையில் இல்லை. பத்து மடங்கு பெரிய வகைக்குப் போனால் எண்ணிக்கை சுமார் நூறில் ஒன்றாகக் குறைகிறது. இந்த விகிதத்தில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. ஒரு கட்டியின் பரப்பு நூறு மடங்கு கூட, எண்ணிக்கை நூறில் ஒன்றாகக் குறைய, ஒவ்வொரு அளவு வகையும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே பரப்பைத்தான் மறைக்கிறது. எடையைப் பார்த்தாலோ பெரியவை பத்து மடங்கு மிஞ்சுகின்றன. ஆக, தொலைநோக்கியில் பளபளக்கும் வளையத்தின் ஒளியில் சின்னவற்றுக்கும் பெரியவற்றுக்கும் சம பங்கு. எடையை மட்டும் பெரிய கட்டிகள் சுமக்கின்றன.

இடத்துக்கு இடம் மாற்றமும் உண்டு. 1989 ஜூலையில் 28 சஜிட்டேரி என்ற விண்மீனைச் சனி மறைத்தபோது பூமியிலிருந்தே பலர் அதன் ஒளியை அளந்தார்கள். நடுவிலுள்ள பி வளையத்தில் கால் மீட்டருக்குக் கீழான சிறுகட்டிகள் மிகக் குறைவு. வெளியிலுள்ள ஏ வளையத்தின் ஓரத்திலும் உள்ளிருக்கும் சி வளையத்திலும் சென்டிமீட்டர் அளவு வரை நிறைய இருக்கின்றன என்று அந்தத் தரவு காட்டியது. கூட்டம் நெருக்கமான இடத்தில் பொடிகள் பெரியவற்றின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. துணைக்கோள்கள் இழுத்துக் கலக்கும் ஓரத்தில் மோதல் கடுமையாகி, ஒட்டியது உதிர்கிறது.

விண்மீன் மறைப்பு என்றதும் நம் ஜவ்வாது மலையைச் சொல்லாமல் போக முடியாது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னே நகர்ந்தபோது, அமெரிக்கர்கள் கைப்பர் என்ற பறக்கும் வானாய்வகத்திலிருந்து பார்த்தார்கள். அதே இரவில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்திருக்கலாம் என்று அவர்கள் முதலில் அறிவித்தார்கள். எல்லா இடத்துப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, அது யுரேனஸின் வளையம் என்று தெளிவானது. சனிக்கு மட்டும்தான் வளையம் என்ற முந்நூறு ஆண்டு நம்பிக்கை அந்த இரவோடு முடிந்தது. 1986-இல் வாயேஜர் 2 அருகில் போய்ப் பார்த்தபோது, யுரேனஸ் வளையங்கள் கரி போலக் கறுத்த, பெரும்பாலும் பெரிய கட்டிகளால் ஆனவை என்று தெரிந்தது. அங்கே தூசி மிகக் குறைவு. அந்தக் கோளின் விரிந்த ஹைட்ரஜன் வளிமண்டலம் நுண்தூசியை இழுத்துக் கீழே தள்ளிவிடுகிறது. வியாழன் வளையம் இதற்கு நேரெதிர். ஏறக்குறைய முழுவதும் தூசி. சிறு துணைக்கோள்கள் மீது விண்துகள்கள் மோதி எழுப்பும் தூசி அது.

சனிக்குத் திரும்புவோம். 1980-களில் கேள்வியே மாறியது. துகள் எவ்வளவு பெரியது என்று கேட்டவர்கள், ஒரு துகள் எவ்வளவு நேரம் அதே துகளாக இருக்கும் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1984-இல் ஸ்டூவர்ட் வைடன்ஷில்லிங்கும் கூட்டாளிகளும், வளையத்தின் பெரிய கட்டிகள் நிலையான பாறைகள் அல்ல, சிறியவை கூடிச் சேர்ந்து, சீக்கிரமே கலைந்துபோகும் தற்காலிகக் குவியல்கள் என்று வாதிட்டார்கள். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ஃபிராங்க் பிரிட்ஜஸ் குழு பனிப்பந்தை ஊசலில் கட்டி மெல்ல மோதவிட்டு, எவ்வளவு வேகத்தில் எவ்வளவு எம்பும் என்று அளந்தது. பின்னர் செய்த சோதனைகளில், உறைபனி படிந்த பந்துகள் மெதுவாக மோதினால் ஒட்டிக்கொள்ளவும் செய்தன.

மெதுவாக என்பதை இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வளையத்துகள்கள் நொடிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் சனியைச் சுற்றுகின்றன. ஆறு முதல் பதினான்கு மணி நேரத்தில் ஒரு சுற்று. ஆனால் பக்கத்துத் துகளும் அதே திசையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடுவதால், இரண்டும் உரசும் வேகம் நொடிக்குச் சில மில்லிமீட்டர்தான். ஒரு சுற்றுக்குள் ஒவ்வொரு துகளும் பல முறை அண்டைத் துகளைத் தொட்டுவிடும். இத்தனை மெல்லிய தொடுதலில் ஈர்ப்பும் உறைபனியும் சேர்ந்து கட்டியாக்கும். சனியின் அலையிழுப்பும் அடுத்த மோதலும் கலைக்கும். புட்டு மாவின் பதம்தான் அது: பிடித்தால் பிடிபடும், விரலால் தட்டினால் உதிரும்.

2004 ஜூலையில் சனியை அடைந்து 2017 செப்டம்பர் 15 வரை சுற்றிய கேசினி விண்கலம் இந்தக் கருத்துக்குப் பலமான சான்றுகளைத் தந்தது. விண்மீன் ஒளி வளையத்தைக் கடந்து வரும்போது, பார்க்கும் கோணத்தைப் பொறுத்து மங்கும் அளவு மாறியது. துகள்கள் சீராகப் பரவியிருந்தால் அப்படி மாறாது. அவை பத்துக்கணக்கான மீட்டர் நீளமுள்ள சாய்ந்த கற்றைகளாகத் திரண்டிருக்கின்றன. இந்தக் கற்றைகள் ஏறக்குறைய ஒரு சுற்று நேரத்துக்குள் உருவாகிக் கலைந்து, வேறு துகள்களோடு மறுபடி உருவாகின்றன. காலையில் இருந்த குவியல் இரவில் இருக்காது. இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் அகலம் விரிந்திருக்கும் முதன்மை வளையங்களின் தடிமன் பல இடங்களில் சுமார் 10 மீட்டர்தான். அந்த மெல்லிய தகட்டுக்குள்தான் இத்தனை கட்டுதலும் கலைத்தலும்.

அளவு எண்ணிக்கையின் விதிக்கு இங்கே விளக்கமும் கிடைத்தது. 2015-இல் நிக்கோலாய் பிரில்லியன்டோவும் கூட்டாளிகளும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மெதுவாக மோதினால் ஒட்டு, வேகமாக மோதினால் உடை என்ற இரண்டே விதிகளை வைத்து, அந்தக் கூட்டம் நீண்ட காலம் தன் போக்கில் ஓடினால் எண்ணிக்கை எப்படி அமையும் என்று பார்த்தார்கள். வாயேஜர் அளந்த அதே விகிதம் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் எண்ணிக்கை திடீரென்று சரிவதும் வந்தது. எந்த அளவுக் கட்டிகளோடு தொடங்கினாலும் முடிவு அதுதான். இதன் பொருளை நன்றாக யோசிக்க வேண்டும். துகள் அளவு வளையத்தின் பழைய கதையை நினைவில் வைத்திருப்பதில்லை. உடைந்த நிலவிலிருந்து வந்ததா, கோள் பிறந்தபோது மிஞ்சியதா என்று அந்த விகிதத்தைக் கேட்டால் பதில் வராது. நூறு ஆண்டுகளாகத் தேடிய அளவு கையில் கிடைத்தபோது, அது தோற்றத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

10 மீட்டருக்கு மேலே வெற்றிடமா என்றால் அதுவும் இல்லை. 2006-இல் மேத்யூ டிஸ்கரேனோ குழு, ஏ வளையப் படங்களில் விமான விசிறி போன்ற சிறு கீறல்களைக் கண்டது. சுமார் 100 மீட்டர் அளவுள்ள குறுநிலவு ஒன்று தன் இருபுறமும் துகள்களை விலக்கும் தடம் அது. நிலவு தெரியாது, தடம் மட்டுமே தெரியும். இன்னும் பெரிய தடங்களுக்கு விமான முன்னோடிகளின் பெயர்களைச் சூட்டினார்கள்: பிளேரியோ, இயர்ஹார்ட், சான்டோஸ் டூமோன்ட். பிளேரியோவை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது அதன் சுற்றுப்பாதை மெல்ல அலைந்துகொண்டே இருந்தது. துகள் தட்டுக்குள் புதைந்த ஒரு பொருள் பாதை மாறுவதை மனிதர் நேரடியாகப் பார்த்தது அதுவே முதல் முறை. 2013-இல் ஏ வளையத்தின் வெளி விளிம்பில் இன்னொரு கட்டி உருவாவது போலத் தெரிந்தது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் கார்ல் மர்ரே அதற்குத் தன் மாமியாரின் பெயரான பெக்கியைச் செல்லப்பெயராக வைத்தார். மருமகன்கள் இந்த வகையில் மாமியாரைப் பெருமைப்படுத்துவது வானியலில் அடிக்கடி நடப்பதில்லை.

வயதுக்கு வருவோம். அளவு பதில் சொல்லாததால், எடையையும் அழுக்கையும் கேட்டார்கள். கேசினி தன் கடைசி மாதங்களில் கோளுக்கும் வளையத்துக்கும் இடையே 22 முறை பாய்ந்தது. அந்தப் பாய்ச்சல்களில் கலம் எவ்வளவு இழுபட்டது என்பதிலிருந்து வளையங்களின் நிறை கிடைத்தது: மைமாஸ் என்ற சிறு துணைக்கோளின் நிறையில் ஐந்தில் இரண்டு பங்கு. லூசியானோ இயெஸ் குழு 2019-இல் இதை வெளியிட்டது. இவ்வளவு இலேசான பனி, 450 கோடி ஆண்டுகள் விண்தூசியில் நனைந்திருந்தால் கறுத்துப்போயிருக்க வேண்டும்; ஆனால் அது பெரும்பாலும் தூய நீர்ப்பனி. ஆகவே வயது ஒரு கோடி முதல் பத்துக் கோடி ஆண்டுகள்தான் என்றார்கள். 2023-இல் சாஷா கெம்ப் குழு, கேசினி 13 ஆண்டுகளில் பிடித்த வெளித்தூசிகளைக் கணக்கிட்டு, 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் இருக்காது என்றது. 2022-இல் ஜாக் விஸ்டம் குழு, 16 கோடி ஆண்டுகளுக்கு முன் சனியை நெருங்கிச் சிதைந்த ஒரு நிலவிலிருந்து வளையம் பிறந்திருக்கலாம் என்று கணித்திருந்தது. செய்தித்தாள்கள் இளம் வளையம் என்றே தலைப்புப் போட்டன.

அதற்குள் தீர்ப்பு எழுதியது அவசரம். 2024 டிசம்பரில் ரியுகி ஹ்யோதோ குழு வேறொன்றைச் சொன்னது. விண்துகள்கள் வளையத்தில் மோதும் வேகம் நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அந்த வெப்பத்தில் துகள் ஆவியாகிவிடும். ஆவியின் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்றுச் சனிக்கோ விண்வெளிக்கோ போய்விடும். பனியில் ஒட்டும் அழுக்கு மிகக் கொஞ்சம். அப்படியானால் தூய்மையாக இருப்பதனாலேயே இளமை என்று சொல்ல முடியாது. எனக்கு இந்த வாதம் வலுவானதாகத் தெரிகிறது. இளமை என்பவர்கள், அண்மைக் காலத்தில் இவ்வளவு பனியைக் கொட்ட ஒரு நிலவு எப்படிச் சரியாக வந்து உடைந்தது என்பதற்கு இன்னும் நல்ல விளக்கம் தர வேண்டியிருக்கிறது. முதுமை என்பவர்களும் வளையம் கரைந்துகொண்டிருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஓ'டோனஹூ குழுவின் 2018 கணக்குப்படி, வளையத்திலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியே நொடிக்கு 432 முதல் 2,870 கிலோ வரை நீர் சனிக்குள் பெய்கிறது. அந்த மழை ஒன்றே இன்னும் 30 கோடி ஆண்டுகளில் வளையத்தைக் காலி செய்துவிடும்.

சனியின் வெளியே உள்ள இ வளையம் இந்தச் சண்டையில் சேராது. அதன் மைக்ரான் அளவுப் பனிப்பொடி என்செலடஸ் துணைக்கோளின் தென்முனையிலிருந்து பீச்சும் ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஊற்று நின்றால் வளையமும் நின்றுவிடும்.

புதிய சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது. 2023-இல் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குவாவார் என்ற சிறு கோளைச் சுற்றி ஒரு வளையம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோளுக்கு மிக அருகில் கட்டிகள் ஒன்று சேர்ந்து நிலவாக முடியாத எல்லையை 1848 வாக்கில் எடுவார்ட் ரோஷ் கணக்கிட்டார். குவாவாரின் வளையம் அந்த எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகத் தொலைவில் இருக்கிறது. அங்கே துகள்கள் சில பத்தாண்டுகளில் ஒட்டி நிலவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்தக் கடுங்குளிரில் பனிக்கட்டிகள் மோதினால் ஒட்டாமல் நன்றாக எம்பிவிடும் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. சாண்டா குரூஸ் ஊசலில் அளந்த எம்பல்தான் இங்கே மறுபடி தேவைப்படுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், சனியின் முதன்மை வளையத்தில் உள்ள ஒரு சாதாரணத் துகளின் படம் யாரிடமும் இல்லை. கேசினியின் மிக நெருக்கமான படங்களிலும் ஒரு புள்ளிக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் அடங்கியிருந்தது. 10 மீட்டர் கட்டி அதில் தெரியாது. சென்டிமீட்டரிலிருந்து வீட்டளவு வரை நாம் சொல்லும் எல்லா எண்களும் அலைகள் மங்கியதிலிருந்தும் சிதறியதிலிருந்தும் பிறந்தவை. சனிக்கு அடுத்துப் போகவிருக்கும் டிராகன்ஃபிளை விமானக் கலம் 2028-இல் கிளம்பி 2034-இல் சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்கத் திட்டம். அது வளையங்களுக்குப் போவதில்லை. வளையத்தின் மேலேயே தாழப் பறந்து ஒவ்வொரு கட்டியாகப் படம் பிடிக்கும் கலம் ஒன்றை அனுப்பலாம் என்று ஆய்வாளர்கள் யோசனை எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒப்புதலும் பணமும் இன்னும் கிடைக்கவில்லை.